ஆயுசுக்கும் நீதிபதியா?

கேள்வி: அமெரிக்காவில் ஃபெடரல் (மத்திய அரசு) நீதிபதிகளுக்கு ஓய்வு வயதே கிடையாதாமே?

பதில்: கிடையாது. அந்நாட்டு அரசியல் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, 'நன்னடத்தை உள்ளவரை' பதவியில் இருக்கலாம் என்கிறது. சம்பளத்தையும் குறைக்க முடியாது. அனுப்பியே ஆக வேண்டுமென்றால் பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டி, செனட் விசாரித்துத் தீர்மானிக்க வேண்டும். 65 வயதாகி, 15 ஆண்டுப் பணியும் முடித்தவர் 'சீனியர்' நீதிபதி ஆகலாம். அவர் இடத்துக்கு இன்னொருவரை நியமித்துவிடுவார்கள். இவர் விருப்பப்பட்ட அளவு வழக்குகளைக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

கேள்வி: அவர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார்? சுப்ரீம் கோர்ட் ஆட்களைச் சொல்லாதீர்கள்!

பதில்: சொல்லவில்லை. எனக்கு எப்போதுமே விசாரணை நீதிபதிகள்தான். சாட்சியின் முகத்தைப் பார்க்கிறவர்கள் அவர்கள். மேலே இருப்பவர்கள் காகிதத்தைத்தான் பார்க்கிறார்கள்.

நியூயார்க்கின் தெற்கு மாவட்ட ஃபெடரல் நீதிமன்றத்தில் இருந்த கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லியைச் சொல்வேன். 1921-இல் நியூ ஹேவனில், பன்னிரண்டு பிள்ளைகளில் ஒன்பதாவதாகப் பிறந்தவர். அப்பா யேல் பல்கலைக்கழக மாணவர் சங்கங்களுக்குச் சமைத்தவர். கல்லூரிக்கு அனுப்பக் காசில்லை. ஊரில் கறுப்பின மக்களுக்காகக் கட்டிய சமூகக்கூடத்தில் ஒரு கூட்டம். "இதை நடத்துவதில் எங்களுக்குப் பங்கே இல்லை, அப்புறம் எப்படி இங்கே வருவோம்?" என்கிற அர்த்தத்தில் இந்தப் பெண் எழுந்து பேசிவிட்டார். கூடத்துக்குப் பணம் கொடுத்த வெள்ளைக்காரத் தொழிலதிபர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். கோபித்துக்கொள்ளவில்லை; படிப்புச் செலவை நானே ஏற்கிறேன் என்றார். நல்ல மனுஷன்.

கொலம்பியாவில் சட்டம் படித்து, கறுப்பின மக்களின் உரிமைகளுக்காக வழக்காடிய துர்குட் மார்ஷலிடம் வக்கீலாகச் சேர்ந்தார். 1962-இல் ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவர், வெள்ளையர் மட்டுமே படித்த மிசிசிபி பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தது இவர் நடத்திய வழக்கால். சுப்ரீம் கோர்ட்டில் பத்து வழக்கு வாதாடி ஒன்பதில் ஜெயித்தார். 1966 ஜனவரியில் அதிபர் ஜான்சன் இவரை நீதிபதியாகப் பரிந்துரைத்தார். செனட் நீதிக்குழுத் தலைவரோ நிறப்பிரிவினையை ஆதரித்த மிசிசிபிக்காரரான ஈஸ்ட்லாண்ட்! ஆகஸ்ட் வரை இழுத்தடித்தார்கள். கடைசியில் அந்நாட்டின் முதல் கறுப்பினப் பெண் ஃபெடரல் நீதிபதி ஆனார்.

கேள்வி: வாழ்நாளெல்லாம் ஒரு பக்கம் நின்று வாதாடியவர் நடுநிலையாக எப்படி இருப்பார்?

பதில்: இதே சந்தேகம் 1975-இல் ஒரு பெரிய வக்கீல் நிறுவனத்துக்கும் வந்தது. பெண் என்பதால் பாகுபாடு காட்டினார்கள் என்று அவர்கள்மேல் வழக்கு. விலகிக்கொள்ளுங்கள் என்று மோட்லியிடமே மனுப் போட்டார்கள். அவர் மறுத்தார். பிறப்பும் நிறமும் பாலினமும் விலகக் காரணம் என்றால் இந்த நீதிமன்றத்தில் யாருமே இந்த வழக்கைக் கேட்க முடியாது, எல்லாருக்கும் ஒரு நிறமும் பாலினமும் உண்டே என்பது அவர் வாதம். ஆண் நீதிபதியிடம் இப்படி ஒரு மனு போயிருக்குமா என்று நான் திருப்பிக் கேட்பேன்.

1978-இல் இன்னொன்று. பேஸ்பால் வீரர்கள் உடைமாற்றும் அறைக்குள் ஆண் நிருபர்கள் போகலாம், பெண் நிருபர் மெலிசா லுட்கே போகக்கூடாது. வீரர்களின் அந்தரங்கம் கெடுமாம். அந்தரங்கத்தைக் காக்க வேறு வழிகள் இருக்கின்றன, அதற்காக ஒருவரின் பிழைப்பைக் கெடுக்க வேண்டியதில்லை என்று யாங்கீ ஸ்டேடியத்தின் கதவைத் திறந்துவிட்டார் மோட்லி.

1982 முதல் 1986 வரை அந்த நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. பிறகு சீனியர். 2005-இல் இறக்கும்வரை நீதிபதிதான்.

கேள்வி: தோற்ற அந்தப் பத்தாவது வழக்கு என்ன?

பதில்: இதைக் கேட்பீர்கள் என்று தெரியும். அலபாமாவில் கறுப்பினத்தவரை ஜூரியிலிருந்து அரசு வக்கீல் ஒதுக்கியது பற்றியது, 1965-இல் தோற்றார். 1986-இல் சுப்ரீம் கோர்ட் வேறொரு வழக்கில் தன் பழைய நிலையை மாற்றிக்கொண்டது. அப்போது மோட்லி தலைமை நீதிபதி. அந்தத் தீர்ப்பு அவருடைய நீதிமன்றத்தையும் சேர்த்தே கட்டுப்படுத்தியது.