போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரி

கேள்வி (சுருக்கப்பட்டது): கையடக்க கேமிங் கருவியை டிவியில் இணைக்க, ஆன்லைனில் வேறொரு நிறுவனத்தின் டாக் வாங்கினேன். ‘4கே, 60 ஹெர்ட்ஸ், உங்கள் மாடலுக்கு முழுமையாகப் பொருந்தும்’ என்று விற்பனைப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். முதல் நாளிலிருந்தே 4கேயில் 30 ஹெர்ட்ஸைத் தாண்டவில்லை. படம் அடிக்கடி கறுத்துப்போகும், டாக் கை வைக்க முடியாதபடி சூடாகும். பெட்டியில் சார்ஜர் இல்லாததால் என் லேப்டாப் சார்ஜரைத்தான் போட்டேன். இரண்டாவது மாதம் கருவியே சார்ஜ் ஏறாமல் நின்றுவிட்டது. கருவி நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர், ‘வெளி நிறுவன டாக்கால் சார்ஜிங் சர்க்யூட் பழுது, வாரன்டி பொருந்தாது’ என்று எழுதிக் கொடுத்துக் கையைக் கழுவிவிட்டது. டாக் விற்றவர் மூன்று வாரம் அலையவிட்டார், மரியாதையில்லாமல் பேசினார். இப்போது டாக்கின் விலையை மட்டும் திருப்பித் தருகிறேன் என்கிறார். இரண்டு பேர் மீதும் வழக்குப் போட்டு, கருவியின் முழு விலையும் மன உளைச்சலுக்குப் பெரிய தொகையும் வாங்க முடியுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் அந்த விற்பனையாளர் எப்படிப் பேசினார், எத்தனை முறை போனை வைத்தார் என்பதுதான். கோபம் புரிகிறது. ஆனால் மரியாதைக் குறைவுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் தனியாகப் பணம் வாங்கித் தராது. அதை ஒதுக்கி வையுங்கள். இந்த விவகாரத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: கருவி எதனால் செத்தது? அதற்கான பதில், நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன லேப்டாப் சார்ஜர் வரியில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

முதலில் சுலபமானதை முடித்துவிடுவோம். நொடிக்கு 60 முறை படம் புதுப்பிக்கப்படும் என்று சொல்லி 30 கொடுத்தது தெளிவான குறைபாடு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 2(10) பிரிவு, விற்பவர் ஒரு தரத்தை எந்த விதத்தில் சொல்லியிருந்தாலும், பொருள் அந்தத் தரத்துக்குக் கீழே இருந்தால் அது குறைபாடு என்கிறது. விற்பனைப் பக்கத்தில் போட்ட வாசகமும் அதில் அடங்கும். டிவிக்குப் படத்தைக் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ இணைப்பின் 1.4 பதிப்பு வழியாக 4கே 30 ஹெர்ட்ஸ்தான் வரும், 60-க்கு 2.0 வேண்டும். ஆகவே உங்கள் கேபிளும் டிவியின் போர்ட்டும் 2.0 தானா என்று மட்டும் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் எதிர்த்தரப்பு கேட்கும் முதல் கேள்வி அதுதான். ஆனால் இந்தப் பகுதியில் முழுசாக ஜெயித்தாலும் கிடைப்பது டாக்கின் விலை. அதைத்தான் அவர் ஏற்கெனவே தருகிறேன் என்கிறாரே.

கருவிக்கு வருவோம். ஒரு பொருளின் குறைபாட்டால் வேறொரு சொத்து சேதமானால் அது பொருள் பொறுப்பு என்ற அத்தியாயத்துக்குள் வரும். 2(22) பிரிவின்படி டாக் கெட்டுப்போனது அந்த அத்தியாயத்தில் ‘தீங்கு’ ஆகாது. டாக்கால் கருவி கெட்டது தீங்குதான், சொத்துச் சேதத்தோடு வரும் மன உளைச்சலும் அதில் சேரும். டாக்கைத் தயாரித்தவர் யாரென்றே தெரியவில்லை, அல்லது அவருக்கு நோட்டீஸ் சேர்க்க முடியவில்லை என்றாலும் கவலையில்லை. அந்த நிலையில் விற்றவரையே பொறுப்பாக்க 86-ஆம் பிரிவு வழி கொடுக்கிறது. இவ்வளவும் உங்கள் பக்கம்.

எதிர்ப்பக்கம் இருப்பது 87-ஆம் பிரிவு. தீங்கு நடந்த நேரத்தில் பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தாலோ மாற்றியமைக்கப்பட்டிருந்தாலோ விற்பனையாளர் மீது பொருள் பொறுப்பு வழக்கு நிற்காது. அவருடைய வக்கீல் உங்கள் லேப்டாப் சார்ஜரைக் கையில் எடுத்து, ‘இதுதான் தவறான பயன்பாடு’ என்று சொல்வார். பலர் இந்த இடத்தில் பயந்து, சார்ஜர் விஷயத்தை மறைக்கப் பார்க்கிறார்கள். மறைக்கவே மறைக்காதீர்கள். உண்மையில் இது உங்களுக்குப் பாதகமான விஷயமே இல்லாமல் போகலாம்.

காரணத்தைச் சொல்கிறேன். யூஎஸ்பி-சி வழியாகப் பவர் டெலிவரி முறையில் வேலை செய்யும் சார்ஜர், எடுத்த எடுப்பில் உயர் வோல்டேஜைத் தள்ளாது. முதலில் 5 வோல்ட். பிறகு 9, 15, 20 என்று தன்னால் எவ்வளவு தர முடியும் என்று அறிவிக்கும். எது வேண்டும் என்று மறுமுனை கேட்ட பிறகுதான் அதைத் தரும். 65 வாட் சார்ஜர் என்பதற்காக 65 வாட்டும் கருவிக்குள் பாய்ந்துவிடாது. இந்தப் பேச்சுவார்த்தையில் நடுவே உட்கார்ந்திருப்பது டாக். சார்ஜரிடம் வாங்கியதைக் கருவிக்குச் சரியாகப் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. எனவே உங்கள் சார்ஜர் முறையான பவர் டெலிவரி சார்ஜராக இருந்து, டாக்கோடு வந்த தாளில் ‘இன்ன சார்ஜர் மட்டும்’ என்ற கட்டுப்பாடு எதுவும் இல்லாவிட்டால், தவறான பயன்பாடு என்ற வாதம் நொண்டியடிக்கும். இன்னொன்று, சார்ஜரே கொடுக்காமல் விற்றவர் எந்தச் சார்ஜர் போட வேண்டும் என்றும் சொல்லவில்லை என்றால், போதிய அறிவுறுத்தல் தராதது என்ற கணக்கில் பழி அவர் பக்கம் திரும்பும். மாறாக, ‘இத்தனை வாட்டுக்கு மேல் கூடாது’ என்று அந்தத் தாளில் சின்ன எழுத்தில் போட்டிருந்து, நீங்கள் அதற்கு மேல் போட்டிருந்தால், கருவியின் விலையை மறந்துவிடுங்கள். அந்தத் தாளைத் தேடி எடுத்துப் படிக்காமல் என் ஆபீஸுக்கு வந்தால் நான் மனு எழுத மாட்டேன்.

வெளி நிறுவன டாக் கருவியைக் கெடுக்குமா என்ற சந்தேகம் யாருக்கும் வர வேண்டாம். 2018 மார்ச்சில் நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்கு 5.0 அப்டேட் வந்ததும், சில வெளி நிறுவன டாக்குகளில் போட்ட கருவிகள் செயலிழந்ததாகப் புகார்கள் கிளம்பியது எல்லோரும் அறிந்ததே. ஆனால் அப்படி நடக்கக்கூடும் என்பது வேறு, உங்கள் கருவிக்கு அதுதான் நடந்தது என்பது வேறு. ஆணையத்தில் இரண்டாவதைத்தான் நிரூபிக்க வேண்டும். கருவி நிற்பதற்கு முன்னால் ஏதாவது அப்டேட் போட்டீர்களா என்று தேதியோடு குறித்து வையுங்கள். அந்தத் தேதி உங்களுக்கு உதவலாம், எதிராகவும் போகலாம். எதிர்த்தரப்பு சொல்லித்தான் அது உங்கள் வக்கீலுக்குத் தெரிய வேண்டும் என்ற நிலை மட்டும் வரக்கூடாது.

சரி, இப்போது நான் உண்மையில் கவலைப்படும் இடம். ‘இரண்டு பேர் மீதும் வழக்கு’ என்று எழுதியிருக்கிறீர்களே, அது. இதில் விழுந்து எழ முடியாமல் போன கட்சிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒருவர் என்னிடம் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சாதனம் வேறு, கதை உங்களுடையதேதான். சர்வீஸ் சென்டர் வாரன்டி இல்லை என்றதும் கொதித்துப்போய், சாதனத்தின் நிறுவனத்துக்கு நீளமாக ஒரு மெயில் போட்டிருந்தார்: ‘நான் வாங்கிய துணைக்கருவியில் எந்தப் பிரச்சினையும் இல்லை, உங்கள் பொருள்தான் மட்டம்.’ பத்து நாள் கழித்துத் துணைக்கருவி விற்றவருக்கு நோட்டீஸ்: ‘உங்கள் பொருள்தான் என் சாதனத்தை எரித்தது.’ இரண்டிலும் அவர் கையெழுத்து. ஆணையத்தில் இரண்டு எதிர்த்தரப்பும் செய்தது ஒன்றுதான். ஒருவர் மற்றவருக்குப் போன கடிதத்தைத் தாக்கல் செய்தார். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நின்றவருக்கு எந்தப் பக்கமும் பிடி இல்லை. அவர் சொன்ன இரண்டில் ஒன்று நிச்சயம் உண்மை. எது என்று தெரியாத நிலையை அவரே உண்டாக்கிவிட்டார்.

நீங்கள் திட்டித் தீர்க்கும் அந்தச் சர்வீஸ் சென்டர் காகிதத்தை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். ‘வெளி நிறுவன டாக்கால் சார்ஜிங் சர்க்யூட் பழுது.’ டாக் விற்றவருக்கு எதிராக இதைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்காது. கருவியைத் திறந்து பார்த்த டெக்னீஷியன் எழுத்தில் காரணம் சொல்லியிருக்கிறார். அதைப் பொய் என்று நீங்களே வாதாடப் போகிறீர்களா? கருவி நிறுவனத்தோடு சண்டையை இன்றே நிறுத்துங்கள். சண்டைக்குப் பதிலாகப் பணிவாக ஒரு வேண்டுகோள் வையுங்கள்: எந்தப் பாகம் எரிந்தது, என்ன சோதனை செய்தார்கள் என்று விவரமான ஜாப் ஷீட் வேண்டும். ‘டாக்காக இருக்கலாம்’ என்பதற்கும் ‘டாக்கால்’ என்பதற்கும் நடுவில்தான் உங்கள் பணம் இருக்கிறது. நீங்கள் மேற்கோள் காட்டியது அவர்கள் எழுதிய அதே வார்த்தைதானா, அல்லது நீங்கள் புரிந்துகொண்டதா என்று சரிபாருங்கள்.

அடுத்தது, விற்பனையாளர் சொல்லும் ரீஃபண்ட். அதை வாங்க, டாக்கைத் திருப்பி அனுப்பச் சொல்வார்கள். அனுப்பிவிட்டால் உங்கள் ஒரே தடயம் போய்விட்டது. சோதனை செய்யாமல் குறைபாட்டைத் தீர்மானிக்க முடியாத பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் அதிகாரம் 38-ஆம் பிரிவில் ஆணையத்துக்கு இருக்கிறது, ஆனால் அனுப்ப ஒரு பொருள் இருக்க வேண்டும். கருவிக்கும் இதே பேச்சுதான். வெளியே கொடுத்து போர்டை மாற்றிவிட்டு, எரிந்த போர்டை அங்கேயே விட்டுவிட்டு வருபவர்கள் அதிகம். அப்புறம், ரீஃபண்ட் பட்டனுக்கு மேலே ‘இத்துடன் என் கோரிக்கைகள் அனைத்தும் தீர்ந்தன’ என்று ஒரு கட்டம் இருந்தால் அதில் டிக் போடாதீர்கள். போட்டுவிட்டு, படிக்கவில்லை என்று சொல்வது எடுபடாது.

நீங்கள் விற்பனையாளருக்கு அனுப்பி, கடிதத்தோடு இணைத்திருக்கும் வாட்ஸ்அப் செய்திகளும் எனக்கு உறுத்துகின்றன. ‘முதல் நாளிலிருந்தே நெருப்பாகக் கொதிக்கிறது’ என்று இரண்டாவது மாதத்தில் எழுதியிருக்கிறீர்கள். கோபத்தில் எழுதியது. ஆனால் குறுக்கு விசாரணையில் கேள்வி எப்படி வரும் தெரியுமா? ‘ஆபத்து என்று முதல் நாளே தெரிந்தும் இரண்டு மாதம் விலையுயர்ந்த கருவியை அதில் ஏன் சொருகினீர்கள்?’ இதற்கு உங்களிடம் நல்ல பதில் இருக்கிறதா? இனி ஒரு செய்தியும் நீங்களாக அனுப்ப வேண்டாம்.

இப்போது வெளிப்படையாகச் சொல்கிறேன்: சமரசம் செய்துகொள்ளுங்கள். ஆய்வகக் கட்டணத்தை உங்களையே கட்டச் சொல்லலாம். அறிக்கைக்குச் சட்டம் சொல்லும் 45 நாள் நீளும், அறிக்கை ‘காரணத்தை உறுதிப்படுத்த முடியவில்லை’ என்றும் வரலாம். அதற்குள் உங்கள் மாடலே பழசாகிவிடும். ஜெயித்தாலும் பயன்படுத்திய கருவிக்குப் புதுக் கருவியின் விலை கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மன உளைச்சலுக்கு நீங்கள் மனதில் வைத்திருக்கும் தொகை, மனுவில் எழுதிய உடனேயே உங்களைப் பேராசைக்காரராகக் காட்டும்.

கேட்க வேண்டியது இது: டாக்கின் விலை முழுதும், கூடவே சர்வீஸ் சென்டர் எழுத்தில் தரும் பழுதுபார்ப்பு மதிப்பீட்டில் பெரும்பங்கு. பாதிக்கு மேல் எது வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். சர்வீஸ் சென்டர் அறிக்கையின் நகலையும், ‘60 ஹெர்ட்ஸ்’ என்றிருக்கும் விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் வைத்து வக்கீல் நோட்டீஸ் ஒன்று போனால், இந்த அளவுக்கு இறங்கி வருவார்கள் என்றுதான் நினைக்கிறேன். பக்கத்தை அவர்கள் மாற்றுவதற்குள், இன்றைக்கே அந்த ஸ்கிரீன்ஷாட்டை எடுங்கள். பணம் கணக்கில் ஏறிய பிறகே டாக்கைக் கொடுங்கள்.

பாதிக்குக் கீழே நின்றால் வாருங்கள், மனு போடுவோம், டாக் தரப்பின் மீது மட்டும். கருவி நின்ற நாளிலிருந்து இரண்டு வருடம் இருக்கிறது. வரும்போது டாக், கருவி, அந்த லேப்டாப் சார்ஜர், பெட்டியில் வந்த தாள் நான்கும் வேண்டும்.