ராஷி எதற்குப் பதில் சொல்கிறார்?

அன்புள்ள ஐயா,

யூதர்கள் தோராவை, அதாவது மோசேயின் ஐந்து நூல்களை, சனிக்கிழமைக்கு ஒரு பகுதியாக வாசிப்பது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அதே வரிசையில் ஆதியாகமத்தை உரைகளோடு வாசிக்கத் தொடங்கினேன். கையில் தமிழ் வேதாகமம். கணினியில் ராஷி, இப்ன் எஸ்ரா, ரம்பான், ஸ்ஃபோர்னோ என்ற யூத உரையாசிரியர் நால்வரின் ஆங்கில மொழிபெயர்ப்பும் திறந்திருக்கும். சீக்கிரமே திணறிவிட்டேன். முதல் பகுதியிலேயே 146 வசனங்கள். நாலாம் அதிகாரத்தைத் தாண்டுவதற்குள் சனிக்கிழமை வந்துவிடுகிறது. ராஷி ஒரு வசனத்துக்கு நீளமாக எழுதுகிறார், அடுத்ததைத் தொடாமலே போகிறார். பரிமேலழகர் உரைபோல் தொடர்ந்து வருவதில்லை. வசனத்தில் இல்லாததையும் சொல்கிறார். 4:8இல் காயீன் ஆபேலோடு சண்டைப் பேச்சில் இறங்கினான் என்கிறார். வசனத்தில் சண்டை எங்கே இருக்கிறது? சரி, யாக்கோபு கதைக்குத் தாவலாம் என்று போனால் அங்கே வசன எண்ணே பொருந்தவில்லை. எபிரெயம் தெரியாமல் இதில் இறங்கியதே தவறோ?

ச., திருநெல்வேலி

அன்புள்ள ச.,

4:8ஐயே எடுத்துக்கொள்வோம். உங்கள் குழப்பத்தில் பாதி அந்த ஒரு வசனத்தில் இருக்கிறது.

உங்கள் கையில் இருக்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் “காயீன் தன் சகோதரனாகிய ஆபேலோடே பேசினான்” என்று இருக்கும். பேசினான், பிறகு வயலில் கொன்றான். படிக்க எந்த இடறலும் இல்லை. ஆனால் எபிரெயத்தில் அங்கே இருப்பது ‘வயோமெர்’, அதாவது ‘சொன்னான்’. அந்தச் சொல் வந்தால் அடுத்தாற்போல் என்ன சொன்னான் என்பது வந்தாக வேண்டும். வரவில்லை. “காயீன் தன் தம்பி ஆபேலிடம் சொன்னான்; அவர்கள் வயலில் இருந்தபோது...” என்று வாக்கியம் வேறு பக்கம் போய்விடுகிறது. மொழிபெயர்ப்பாளர்கள் ‘பேசினான்’ என்று போட்டு அந்தப் பள்ளத்தை மூடிவிட்டார்கள். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் “வயலுக்குப் போவோம்” என்று ஒரு பேச்சே சேர்ந்திருக்கிறது. திருவிவிலியம் என்ற புதிய தமிழ் மொழிபெயர்ப்பைத் திறந்தால் அங்கேயும் “நாம் வயல்வெளிக்குப் போவோம்” என்று இருக்கும்.

இப்போது உரைகளைப் பாருங்கள். ராஷி: அவனோடு சண்டைப் பேச்சில் இறங்கினான், கொல்வதற்குச் சாக்குத் தேடினான். இப்ன் எஸ்ரா: கடவுள் தன்னைக் கண்டித்ததையெல்லாம் ஆபேலிடம் சொன்னான். ரம்பான்: இதை அடுத்து வரும் வயலோடு சேர்த்துப் படிக்க வேண்டும், “வயலுக்குப் போகலாம் வா” என்றான், அங்கே மறைவில் கொன்றான். மூவரும் பதில் சொல்வது ஒரே கேள்விக்கு: என்ன சொன்னான்? அந்தக் கேள்வி உங்களிடம் இல்லாததால்தான் ராஷியின் பதில் எங்கிருந்தோ வந்து விழுந்த மாதிரி இருந்தது.

மூன்று பதிலுக்கும் ஒரு விலை உண்டு, அதையும் எடை போட வேண்டும். ராஷியின் வழியில் சொன்ன வார்த்தை கடைசிவரை கிடைக்காது. ‘சொன்னான்’ என்பதை வாய்ச்சண்டையின் தொடக்கம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். இப்ன் எஸ்ராவின் வழியில் பேச்சு முந்தைய இரண்டு வசனங்களில் கிடைத்துவிடுகிறது, ஆனால் திட்டு வாங்கியவன் அதைத் தம்பியிடம் போய் ஏன் சொல்ல வேண்டும்? ரம்பான் வழியில் கதை கோவையாக ஓடுகிறது. அதற்காக, கதைசொல்லி சொல்லும் வயலைக் காயீன் வாயில் வைக்க வேண்டியிருக்கிறது. எனக்கு இந்த இடத்தில் ரம்பான் பக்கம்தான் சாய்வு. உரைகளைப் படிப்பது என்றால் இந்த எடைபோடலைத்தான் சொல்கிறேன். நால்வர் சொன்னதையும் குறித்து வைத்துக்கொண்டால் குறிப்பேடுதான் நிரம்பும்.

வசனத்தில் இல்லாத கதைகள் என்று எழுதியிருந்தீர்கள். இதே இடத்துக்கு பெரேஷித் ரப்பா என்ற மித்ராஷ் (வசனத்தை விரித்துச் சொல்லும் பழைய யூத விளக்கம்) தொகுப்பில் சுவையான கதைகள் உண்டு. அண்ணன் தம்பி இருவரும் உலகத்தைப் பங்கு போட்டார்கள். ஒருவனுக்கு நிலம், மற்றவனுக்கு அசையும் பொருள். நீ நிற்பது என் நிலம் என்கிறான் ஒருவன், நீ உடுத்தியிருப்பது என் துணி என்கிறான் மற்றவன். ராஷிக்கு இது தெரியும். “இதில் மித்ராஷ்கள் உண்டு, ஆனால் வசனத்துக்குப் பொருந்தி உட்காருவது இதுதான்” என்று சொல்லிவிட்டு நகர்கிறார். 3:8க்கு எழுதிய உரையில் தன் கொள்கையையே சொல்லியிருக்கிறார்: தான் வந்தது பெஷாத்துக்கு, அதாவது நேர்ப்பொருளுக்கு, கூடவே வசனத்தின் சொற்களைச் சரியாக உட்காரவைக்கும் மித்ராஷுக்கு. ஆகவே ராஷி ஒரு கதை சொன்னால், அது எந்தச் சொல்லின் இடறலைத் தீர்க்கிறது என்று தேடுங்கள். இடறல் இல்லாத வசனத்தை அவர் பெரும்பாலும் தொடுவதில்லை. பரிமேலழகரோடு ஒப்பிட்டு அவரைக் குறைசொல்ல வேண்டாம், வேலையே வேறு.

இந்தத் தேடலுக்கு ஒரு பெயர்போன ஆசிரியை உண்டு. நெஹாமா லெய்போவிட்ஸ் (1905–1997) 1942 முதல் 1971 வரை வாரப்பகுதிக்கான கேள்வித்தாள்களை அனுப்பிவந்தார். பதில் எழுதி அனுப்பியவர்களுக்குத் திருத்தியும் அனுப்பினார். அந்தத் தாள்களில் ஓயாமல் வரும் கேள்வி: “ராஷிக்கு இங்கே என்ன இடறியது?” இதையே நீங்களும் பிடித்துக்கொள்ளலாம்.

நடைமுறைக்கு வருகிறேன். நீங்கள் இரண்டு வேலையை ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறீர்கள். பகுதி முழுவதையும் வாரத்துக்குள் முடிப்பது ஒரு வேலை. யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தால்மூதில், பெராகோத் என்ற நூலின் 8ஆம் ஏட்டில் இதற்கான விதி வருகிறது: சபையோடு சேர்ந்து பகுதியை முடி, மூலம் இரண்டு முறை, தர்கும் என்னும் அரமேய மொழிபெயர்ப்பு ஒரு முறை. வெறும் ஊர்ப்பெயர்களான “அதரோத், தீபோன்” (எண்ணாகமம் 32:3) கூட விலக்கல்ல என்று அங்கேயே சொல்லியிருக்கிறது. தர்கும் இடத்தில் ராஷியைப் படித்தாலும் போதும், பக்தியுள்ளவர் இரண்டையும் படிப்பார் என்பது பிற்காலத்தில் ஷுல்ஹான் ஆருக் என்ற சட்டத் தொகுப்பு தந்த தீர்வு. இது அகலம். ஆழம் வேறு வேலை. 146 வசனத்துக்கும் நான்கு உரை என்று உட்கார்ந்தால் யாராலும் முடியாது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். ஞாயிறன்று பகுதி முழுவதையும் உரை இல்லாமல் ஒரே மூச்சில் தமிழில் படியுங்கள். பெரும்பாலான பகுதிகளுக்கு முக்கால் மணி நேரம் தாராளம். ஜெப ஆலயத்தில் ஒவ்வொரு பகுதியும் ஏழு அலியாக்களாகப் பிரித்து வாசிக்கப்படும். அதில் ஒன்றை மட்டும் எடுங்கள். சாதாரணமாக இருபது வசனம் வரும். திங்களன்று உரையைத் திறக்காமல் அந்த இருபது வசனத்தில் எது உறுத்துகிறது என்று எழுதுங்கள். எதையோ விட்டுச் சொல்கிறதா, சொன்னதையே திரும்பச் சொல்கிறதா, வரிசை மாறுகிறதா, ஒருவர் பேசி முடித்தபின் அவரே மறுபடி ‘சொன்னான்’ என்று தொடங்குகிறாரா? எபிரெயம் தெரியாத உங்களுக்கு ஒரு குறுக்குவழி: பழைய மொழிபெயர்ப்பையும் திருவிவிலியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இரண்டும் பிரியும் இடத்தில் பெரும்பாலும் மூலத்தில் ஏதோ சிக்கல் இருக்கும். 4:8 அப்படித்தான் பிரிகிறது.

செவ்வாயன்று ராஷி. அவருடைய ஒவ்வொரு குறிப்பும் வசனத்திலிருந்து ஒரு சொல்லையோ தொடரையோ எடுத்து வைத்துக்கொண்டுதான் தொடங்கும். திப்பூர் ஹமத்ஹில் என்பார்கள். அதைத் தாண்டி விளக்கத்துக்கு ஓடாதீர்கள். அவர் வசனத்தில் எந்த இடத்தில் விரல் வைக்கிறார் என்பதை அந்தத் தலைச்சொல்தான் காட்டும். புதன், வியாழனில் இரண்டாவது உரை, ஒன்றே ஒன்று. மற்றவற்றை மூடிவிடுங்கள்.

ஆதியாகமத்துக்கு அந்த இரண்டாமவர் ரம்பானாக இருக்கட்டும். கிரோனாவைச் சேர்ந்த நஹ்மானிதெஸ், 1194–1270. (ரம்பாம் வேறு, அவர் மைமோனிதெஸ். தேடும்போது ஓர் எழுத்தில் ஆள் மாறிவிடுவார்.) ரம்பான் பல இடங்களில் முதலில் ராஷியை எடுத்துச் சொல்லிவிட்டு அதன்மேல் வாதாடுவார், அதனால் ராஷிக்கு இடறியது எது என்பதும் அவர் வழியாகவே தெரிந்துவிடும். முற்பிதாக்களுக்கு வக்காலத்து வாங்குவதுதான் உரைகாரர்கள் வேலை என்று நினைப்பவர்கள் 12:10க்கு அவர் எழுதியதைப் படிக்க வேண்டும். உயிருக்குப் பயந்து மனைவியை ஆபத்தில் தள்ளியதில் ஆபிரகாம் அறியாமல் பெரும் பாவம் செய்தார் என்கிறார். ஆகார் கதையில், 16:6இல், சாராள் செய்ததும் பாவம், அதை விட்டுவைத்த ஆபிரகாம் செய்ததும் பாவம்.

இப்ன் எஸ்ராவை ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள். ஆள் கூர்மையானவர், ஆனால் இலக்கணத்தில் நின்று சுருக்கமாகப் பேசுவார், வேண்டுமென்றே மறைபொருளாகவும் எழுதுவார். மொழிபெயர்ப்பில் பாதி தங்காது. யாத்திராகமத்துக்கு அவருடைய உரை நீண்டது, குறுகியது என்று இரண்டு இருப்பதால் மேற்கோள் தேடும்போது எதில் என்று பார்க்க வேண்டும். ராஷியின் பேரன் ரஷ்பாம் நேர்ப்பொருளில் பாட்டனைவிடக் கண்டிப்பு. தனக்கு நேரம் கிடைத்தால் புதிதாகத் தெரியவரும் நேர்ப்பொருள்களின்படி உரைகளை மறுபடி எழுத வேண்டும் என்று ராஷியே தன்னிடம் ஒப்புக்கொண்டதாக 37:2இல் எழுதிவைத்திருக்கிறார். ஆனால் ஆதியாகமம் முதல் பதினேழு அதிகாரங்களுக்கான அவர் உரையில் பெரும்பகுதி நமக்குக் கிடைக்கவில்லை. நோவா பகுதியில் அவர் பக்கம் வெறுமையாக இருந்தால் அது இணையதளத்தின் கோளாறு அல்ல.

வசன எண். அதிகாரப் பிரிவு கிறிஸ்தவ வேதாகமத்திலிருந்து வந்தது, யூதப் பதிப்புகள் அதைச் சில இடங்களில் வேறாக வெட்டுகின்றன. தமிழில் ஆதியாகமம் 31:55 என்பது எபிரெயத்தில் 32:1. அதனால் 32ஆம் அதிகாரம் முழுக்க ஓர் எண் கூடுதல். யாக்கோபு போராடும் வசனம் தமிழில் 32:24, ராஷியைத் தேட வேண்டியது 32:25. இந்தக் கதை வரும் வயிஷ்லாஹ் என்ற வாரப்பகுதி அவர்களுக்கு 32:4இல் தொடங்குகிறது, உங்களுக்கு 32:3. யாத்திராகமம் 8, 22, லேவியராகமம் 6, எண்ணாகமம் 16–17, உபாகமம் 13, 23, 29 ஆகிய இடங்களிலும் இந்தத் தொல்லை உண்டு. வேதாகமத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்துவிட்டால் தீர்ந்தது.

நாள்காட்டியிலும் ஒன்று. மொத்தம் 54 பகுதிகள். வாரங்கள் குறையும் ஆண்டுகளில் சிலவற்றை இரட்டையாக வாசிப்பார்கள். பஸ்காவின் எட்டாம் நாள் சனிக்கிழமையில் வந்தால் இஸ்ரேலில் ஒரு பகுதி முன்னே போய்விடும், வெளிநாட்டில் பின்தங்கும், பல வாரம் கழித்துத்தான் சேரும். இரண்டில் ஒரு வரிசையைத் தேர்ந்து அதிலேயே இருங்கள்.

பலர் கழன்றுகொள்ளும் இடம் காயீன் அல்ல, யாத்திராகமத்தின் தெருமா பகுதி. ஆசரிப்புக் கூடாரத்தின் பலகை, கொக்கி, திரை. அங்கே கட்டம்போட்ட தாளை எடுங்கள். பலகை ஒன்று ஒன்றரை முழ அகலம். தெற்கே 20, வடக்கே 20, ஆகவே நீளம் 30 முழம். மேற்கே 6, ஒன்பது முழம்தான் ஆகிறது. கூடாரத்தின் உள் அகலம் இத்தனை என்று வசனம் எங்கும் சொல்லவில்லை. இரண்டு மூலைகளுக்குமாக இரண்டு பலகை என்று மட்டும் இருக்கிறது. ராஷி 26:23இல் அந்த இரண்டையும் அதே வரிசையில் வைத்து, ஒவ்வொன்றிலும் அரை முழம் மட்டும் உள்ளே தெரியும், மீதி பக்கச் சுவரின் பலகைத் தடிப்புக்கு நேராகப் போய்விடும் என்று கணக்கிட்டுப் பத்து முழத்தை வரவைக்கிறார். வரைந்து பார்க்காமல் இதைப் படித்தால் அலுப்புத்தான் வரும். வரைந்தால் ஒன்பது முழத்தில் நீங்களே மாட்டிக்கொள்வீர்கள், பிறகுதான் ராஷி தேவைப்படுவார்.

எபிரெயம் பற்றி. மொழி முழுவதும் தெரிய வேண்டியதில்லை. 22 எழுத்துகளையும் அடையாளம் காணப் பழகுங்கள். ராஷியின் தலைச்சொல் வசனத்தில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க அது போதும், ஒரே சொல் இரண்டு இடத்தில் வருகிறதா என்பதும் கண்ணில் படும். அச்சுப் புத்தகங்களில் ‘ராஷி எழுத்து’ என்று ஒரு தனி எழுத்துரு மிரட்டும். ராஷி அதில் எழுதியவரல்ல. ஸ்பெயின் யூதர்களின் கையெழுத்து வடிவிலிருந்து அச்சுக்காரர்கள் உரைக்கு வைத்துக்கொண்டது. யூத நூல்களுக்கான செஃபாரியா இணையதளத்தில் உரைகளும் சாதாரணச் சதுர எழுத்திலேயே இருப்பதால் அதை இப்போது கற்க வேண்டாம். அங்கே ராஷிக்கு ரோசன்பாம்–சில்பர்மன் மொழிபெயர்ப்பும் ரம்பானுக்கு சாவெல் மொழிபெயர்ப்பும் கிடைக்கும். சாவெலின் அடிக்குறிப்புகளைத் தாண்டிப் போகாதீர்கள். ரம்பான் பெயர் சொல்லாமல் யாரை மறுக்கிறார் என்பது பல நேரம் அங்கேதான் இருக்கும்.