கிரான்பெரி சாஸ்: டப்பாவில் வாங்குவதா, வீட்டில் காய்ச்சுவதா?

அமெரிக்காவுக்கு அண்மையில் குடிவந்த ஒருவர், முதன்முறையாகத் தம் வீட்டில் தேங்க்ஸ்கிவிங் (நவம்பரில் வரும் நன்றி நவிலும் நாள்) விருந்து வைக்கப்போவதாகவும், கிரான்பெரி என்ற சிறு சிவப்புக் காயில் செய்யும் சாஸை டப்பாவில் வாங்கி வைத்தால் விருந்தினர் குறைவாக நினைப்பார்களோ என்று தயங்குவதாகவும் இங்கே கேட்டிருக்கிறார். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், கிரான்பெரி வயல்களுக்கு வெகு அருகில் 16 ஆண்டுகளாக வசித்து, ஒவ்வொரு நவம்பரிலும் பக்கத்து வீட்டு அமெரிக்கக் குடும்பத்தின் விருந்தில் கலந்துகொள்கிறவன் நான். என் பதில் இதுதான்: நீங்களே காய்ச்சுங்கள், வருகிறவர்களில் டப்பா சாஸ் சாப்பிட்டு வளர்ந்தவர் ஒருவர் இருந்தாலும், அவருக்காக ஒரு டப்பாவும் வாங்கி வையுங்கள். இரண்டும் ஒரே பழத்திலிருந்து வந்தாலும் இரண்டு வெவ்வேறு பண்டங்கள். ஒன்றை வைத்துவிட்டால் மற்றது தேவையில்லை என்று நானும் சில ஆண்டுகள் நினைத்திருந்தேன், அது தவறு.

கிரான்பெரியைப் பச்சையாகக் கடித்தால் ஏறக்குறையக் களாக்காயின் நினைவு வரும். முதலில் சுள்ளென்ற புளிப்பும், அதன் பின்னால் நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்புமாக இருக்கும். விருந்துத் தட்டில் அதன் வேலையே அந்தப் புளிப்புதான். வான்கோழி இறைச்சி, வெண்ணெய் சேர்த்து மசித்த உருளைக்கிழங்கு, ரொட்டித் துண்டுகளில் செய்த ஸ்டஃபிங், இறைச்சிச் சாற்றில் காய்ச்சிய கிரேவி என்று மற்றவையெல்லாம் மென்மையாகவும் கனமாகவும் இருக்கையில், வாயைத் துலக்கி அடுத்த கவளத்துக்கு இடம் செய்வது இந்தச் சாஸ்தான். இந்தச் சேர்க்கை டப்பா தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது. 1796இல் வெளியான அமீலியா சிமன்ஸின் சமையல் நூலிலேயே, வான்கோழியைச் சுட்டு கிரான்பெரி சாஸோடு பரிமாறும்படி எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே வீட்டில் காய்ச்சுவதை இன்றைய நாகரிகம் என்று யாரும் தள்ளிவிட முடியாது.

டப்பா வந்த கதையையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அதை மட்டமாக நினைக்கும் பழக்கம் என்னைவிட்டுப் போனது அந்தக் கதையைக் கேட்ட பிறகுதான். கிரான்பெரி அறுவடை செப்டம்பர் நடுவில் தொடங்கி நவம்பர் தொடக்கத்தோடு முடிந்துவிடும். வயலில் தண்ணீரைக் கட்டி, கொடியைக் கலக்கிவிட்டால் காய்கள் உதிர்ந்து மிதக்கும். ஒவ்வொரு காய்க்குள்ளும் நான்கு காற்றறைகள் இருப்பதே அவை மிதக்கக் காரணம். அக்டோபரில் எங்கள் ஊர்ப்பக்கம் வந்தால், ஏரி முழுவதும் சிவப்புப் பாய் விரித்ததுபோன்ற அந்தக் காட்சியைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். ஆனால் நீரில் நனைந்த காய்கள் பையில் அடைத்து விற்கும்வரை தாங்குவதில்லை. அவை சாஸுக்கும் சாற்றுக்கும்தான் போகும். கடையில் பையில் கிடைக்கும் பச்சைக் காய்கள் உலர்நிலத்தில் அறுவடை செய்யப்பட்டவை, மொத்த விளைச்சலில் மிகச் சிறிய பங்கு. இப்படிச் சில வாரங்களே சந்தையில் இருக்கும் ஒரு காயை ஆண்டு முழுவதும் விற்க வழி தேடியவர் மார்கஸ் யூரன். வழக்கறிஞராக இருந்து கிரான்பெரி விவசாயத்துக்கு வந்த அவர், 1912இல் இதே மாநிலத்தின் ஹான்சன் என்ற ஊரில் சாஸை டப்பாவில் அடைக்கத் தொடங்கினார். 1930இல் அவரும், நியூ ஜெர்சியின் எலிசபெத் லீயும், மாசச்சூசெட்ஸின் ஜான் மேக்பீஸும் சேர்ந்து அமைத்த விவசாயிகள் கூட்டுறவுதான் பின்னாளில் ஓஷன் ஸ்பிரே என்று அறியப்பட்டது. இன்றும் அது விவசாயிகளுக்குச் சொந்தமான கூட்டுறவாகவே இருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

பக்கத்து வீட்டு விருந்துக்கு நான் முதன்முதலாகச் சாஸ் காய்ச்சிக் கொண்டுபோன ஆண்டில், அது டப்பா சாஸின் இடத்தைப் பிடித்துவிடும் என்று உறுதியாக நம்பினேன். எல்லோரும் மரியாதைக்கு ஒரு கரண்டி எடுத்துக்கொண்டார்கள். தட்டில் வட்ட வட்டமாக நறுக்கி அடுக்கியிருந்த டப்பா சாஸோ, இரண்டாம் முறை பரிமாறுவதற்குள் தீர்ந்துபோனது. எனக்கு அன்று வருத்தமாகத்தான் இருந்தது. பாத்திரம் கழுவும் நேரத்தில், எழுபது வயதைத் தாண்டிய அந்த வீட்டுப் பெரியம்மாவிடமே காரணம் கேட்டேன். அவர் 1959இல் நடந்ததைச் சொன்னார். அந்த ஆண்டு நவம்பர் 9ஆம் நாள், அன்றைய அமெரிக்கச் சுகாதார அமைச்சர் ஆர்தர் ஃபிளெமிங், களைக்கொல்லியான அமினோட்ரையசோல் சில கிரான்பெரிச் சரக்குகளில் கலந்திருப்பதாக அறிவித்தார். தேங்க்ஸ்கிவிங்குக்கு அப்போது 17 நாட்களே இருந்தன. பல கடைகள் கிரான்பெரியை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டன. வெள்ளை மாளிகை விருந்திலேயே அதற்குப் பதில் ஆப்பிள் சாஸ் வைத்தார்கள். அப்போது சிறுமியாக இருந்த அவர், தம் தாயார் அலமாரியில் இருந்த டப்பாக்களை எடுத்து ஒதுக்கிவைத்ததையும், அடுத்த ஆண்டு அந்தச் சிவப்பு ஜெல்லி, டப்பாவின் உட்சுவரிலிருந்து பதிந்த வரிகளோடு மீண்டும் மேசைக்கு வந்தபோது தமக்கு ஏற்பட்ட நிம்மதியையும் சொன்னார். அவருக்கு அந்த வரிகளே விருந்தின் அடையாளம். எவ்வளவு நன்றாகக் காய்ச்சினாலும் என் சாஸ் அந்த இடத்தைக் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது என்று அன்றுதான் புரிந்துகொண்டேன்.

என் சாஸிலும் குறை இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். உடல்நலத்தை நினைத்துச் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்திருந்தேன். விளைவு, துவர்ப்பு தூக்கலாகவும் சாஸ் நீர்க்கவும் ஆகிவிட்டது. கிரான்பெரியில் பெக்டின், அதாவது ஜெல்லியாக உறையவைக்கும் பொருள், இயல்பாகவே மிகுதி. காய் வெடிக்கும்போது வெளிவரும் அந்தப் பெக்டின், காயின் புளிப்போடும் போதுமான சர்க்கரையோடும் சேர்ந்தால்தான் உறையும். சர்க்கரை இனிப்புக்காக மட்டும் அங்கே இல்லை. நான் இப்போது பின்பற்றும் அளவு, பெரும்பாலும் பையின் மேலேயே அச்சிட்டிருக்கும் பழைய அளவுதான்: 12 அவுன்ஸ், அதாவது 340 கிராம் பைக்கு ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் தண்ணீர். சர்க்கரை கரைந்து கொதித்ததும் கழுவிய காய்களைப் போட்டு, மிதமான தீயில் பத்து நிமிடம் விட்டால் காய்கள் படபடவென்று வெடிக்கத் தொடங்கும். முக்கால்வாசி வெடித்ததும் இறக்கிவிடுங்கள். அப்போது பார்த்தால் ரசம் போலத்தான் தளதளவென்று இருக்கும். பயந்துபோய் மேலும் காய்ச்ச வேண்டாம், ஆறும்போதுதான் அது இறுகும். அடுப்பிலேயே இறுகட்டும் என்று விட்டால் மறுநாள் கரண்டி இறங்காது. தண்ணீரில் பாதிக்கு ஆரஞ்சுச் சாறும், இறக்கும்போது கொஞ்சம் ஆரஞ்சுத் தோல் துருவலும் சேர்ப்பது இங்கே பரவலான பழக்கம். எனக்கும் அது பிடிக்கும். பட்டை ஒரு துண்டு போடலாம். அதற்கு மேல் கிராம்பு, ஏலக்காய், இஞ்சி என்று அடுக்கினால் காயின் சுவை மறைந்துவிடுகிறது என்பது என் அனுபவம். காரத்தோடு சாப்பிட ஆசையாக இருந்தால், அதே காயில் நல்லெண்ணெயும் மிளகாய்த்தூளும் வெந்தயப்பொடியும் சேர்த்துத் தொக்குக் கிளறுங்கள். இங்குள்ள தமிழர் வீடுகள் பலவற்றில் அது உண்டு, தயிர்ச்சோற்றுக்கு அருமையாக இருக்கும். ஆனால் அது வேறொரு நாளுக்கு.

விருந்துக்கு இரண்டு நாள் முன்பே காய்ச்சிக் குளிர்பெட்டியில் வைத்துவிடுவது நல்லது. விருந்தன்று அடுப்பு நான்கும் வேறு வேலையில் இருக்கும், சாஸும் ஊறினால்தான் சுவை கூடும். பச்சைக் காய் நவம்பர் கடைசி வாரத்தில் தீர்ந்துபோவதுண்டு என்பதால் முன்கூட்டியே ஒரு பை வாங்கி உறைபெட்டியில் போட்டுவையுங்கள். உறைந்த நிலையிலேயே கொதிநீரில் போடலாம்.

டப்பா வாங்குவதாக இருந்தால், ஜெல்லி வகை என்று பார்த்து வாங்குங்கள். முழுக் காய்கள் கலந்த வகையும் உண்டு, ஆனால் அதைவிட நீங்கள் காய்ச்சுவதே மேலாக இருக்கும் என்பதால் அதற்குப் பணம் தர வேண்டியதில்லை. தோலும் விதையும் வடிகட்டப்பட்ட ஜெல்லிக்குத்தான் அந்தப் பளபளப்பும் வழுவழுப்பும் உண்டு. ஓஷன் ஸ்பிரே டப்பாவில் எழுத்து நேராக இருக்கும்படி நிறுத்தினால் வளைந்த பக்கம் மேலே வரும், உள்ளிருக்கும் காற்று அங்கே சேரும். அதைத் தலைகீழாகத் திருப்பி, கூர்விளிம்புள்ள பக்கத்தைத் திறந்து, மெல்லிய கத்தியை உட்சுவரோடு ஒரு சுற்றுச் சுற்றித் தட்டில் கவிழ்த்தால் முழு உருளையாக வந்து விழும். அதை மசித்தோ கிண்ணத்தில் கலக்கியோ மறைக்காதீர்கள். விரல் கனத்துக்கு வட்டங்களாக நறுக்கி, வரிகள் தெரியும்படி அடுக்கி, நீங்கள் காய்ச்சிய கிண்ணத்தின் பக்கத்திலேயே வையுங்கள்.