பஞ்சு ஏன் பணிப்பெண்ணை மட்டும் கடிப்பதில்லை?

கேள்வி: சென்ற ஆண்டு தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் என் மகள் நன்றாகச் செய்ததால், அவள் ஆசைப்பட்டபடி ஒரு முயல்குட்டி வாங்கிக் கொடுத்தோம். பஞ்சு என்று பெயர் வைத்தாள். ஆண் முயல், இப்போது ஏழு மாதம் ஆகிறது. சாதுவாக இருந்த அது இரண்டு மாதங்களாகக் கடிக்கிறது. கூண்டுக்குள் கையை விட்டாலே உறுமிக்கொண்டு பாய்கிறது. சென்ற வாரம் விருந்தினருக்குக் காட்டுவதற்காக மகள் தூக்கியபோது, இரத்தம் வரும்படி விரலைக் கடித்துவிட்டது. என் கணவர் மூக்கில் தட்டிப் பார்த்தார். மூர்க்கம் கூடியதே தவிரக் குறையவில்லை. உயர்நிலை ஒன்றில் இணைப்பாட நடவடிக்கை, துணைப்பாட வகுப்பு என்று மகளுக்கு நேரமில்லாததால், சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் இடத்தில் கூண்டை வைத்திருக்கிறோம். பணிப்பெண்தான் பார்த்துக்கொள்கிறார். வேடிக்கை என்னவென்றால் அவரை மட்டும் அது கடிப்பதில்லை. அவர் தரையில் உட்கார்ந்து துணி மடிக்கும்போது பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறது. பூங்காவில் விட்டுவிடலாம் என்கிறார் மாமியார். எங்கள் முயலுக்கு என்ன கோளாறு?
– செங்காங் வாசகி, சிங்கப்பூர்

பதில்: நீங்கள் வேடிக்கை என்று எழுதிய அந்த ஒரு வரியில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது. வீட்டில் ஒருவரை மட்டும் கடிக்காத முயலைக் கடிக்கும் குணமுள்ள முயல் என்று சொல்ல முடியாது. அந்தப் பெண்மணி செய்வதில் எதை நீங்கள் செய்யவில்லை என்று ஒரு நாளாவது நின்று கவனித்தீர்களா?

அவர் தரையில் உட்காருகிறார். தன் வேலையைப் பார்க்கிறார். முயலைத் தேடிப் போவதில்லை, தூக்குவதில்லை, யாருக்கும் காட்டுவதில்லை. அது வந்தால் வரட்டும் என்று விட்டுவிடுகிறார். நீங்களோ மேலிருந்து கையை நீட்டி, மூலையில் ஒடுங்கியதைப் பிடித்து இழுத்து, பெண் பார்க்க வந்தவர்கள் முன் நிறுத்துவதுபோல் விருந்தினர் முன் நிறுத்துகிறீர்கள். முயல் காலங்காலமாக நரிக்கும் பருந்துக்கும் இரையாகி வந்த பிராணி. கண்கள் தலையின் இருபுறமும் உயரத்தில் அமைந்திருப்பதால், பின்னால் வருவதையும் மேலிருந்து இறங்குவதையும் அது எளிதில் பார்த்துவிடும். ஆனால் மூக்குக்கு நேர் முன்னாலும் தாடைக்குக் கீழேயும் உள்ள சிறு பகுதி மட்டும் அதன் பார்வைக்கு எட்டாது. அங்கே திடீரென்று ஒரு விரல் முளைத்தால், மோப்பத்தாலும் மீசை முடியாலும் உதட்டாலும்தான் அது என்னவென்று அறிய வேண்டும். விரலில் தீவன வாசனை ஒட்டியிருந்தால் பல்லாலும் சோதித்துப் பார்க்கும். தலைக்கு மேலிருந்து இறங்கும் கையோ அதற்குப் பருந்தின் நகம்தான். வெட்டவெளி என்றால் ஓடிவிடும். கூண்டுக்குள் ஓட இடமில்லாததால் கடிக்கிறது, அதுவும் உறுமி எச்சரித்த பிறகு. அந்த உறுமலைக் கேட்ட பின்னும் கையை உள்ளே விட்டது யார் குற்றம்? பின்னங்கால்களுக்குப் பிடிமானம் இல்லாமல் தூக்கினால், உதைத்துத் திமிறும் வேகத்தில் முயல் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளக்கூடும். விரல் காயத்தோடு போயிற்று என்று ஆறுதல் கொள்ளுங்கள்.

இரண்டு மாதங்களாக என்பதற்கு வயதும் ஒரு காரணம். ஆண் முயல் ஏறத்தாழ நான்காம் மாதத்திலிருந்து பருவமடைந்து, கூண்டைத் தன் எல்லையாகக் காக்கத் தொடங்கும். கருத்தடை அறுவை செய்தால் சில வாரங்களில் அந்த வேகம் தணியும். பற்களையும் பார்க்க வேண்டும். முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்பவை. முன்பற்கள் மட்டும் வாரத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வளரும். உலர்புல்லை நாளெல்லாம் மெல்லாத முயலுக்குக் கடைவாய்ப் பற்கள் கூராகி நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும்; வலியில் இருக்கும் பிராணி தொட்டால் கடிக்கத்தான் செய்யும். ஆனால் பருவமும் வலியும் ஆள் பார்த்துக் கடிப்பதில்லை. உங்கள் பஞ்சு ஆள் பார்த்துக் கடிக்கிறது.

முயலின் பெயரை எழுதியிருக்கிறீர்கள். அதை உயிரோடு வைத்திருக்கும் பெண்ணின் பெயரை எழுதவில்லை. உங்கள் வீட்டில் கொஞ்சுவது மகளின் பங்காகவும், கூண்டைக் கழுவுவது சம்பளத்துக்கு வந்தவரின் பங்காகவும் பிரிந்திருக்கிறது. இதைத்தான் அந்தப் பிள்ளை தினமும் கற்றுக்கொண்டிருக்கிறாள். நாளை நீங்களும் உங்கள் கணவரும் படுக்கையில் கிடக்கும் காலத்தில் அவள் இதே பங்கீட்டைச் செய்தால், கற்றுக்கொடுத்தது யார் என்று நீங்கள் கேட்க முடியாது. கடுமையாக எழுதுகிறேன் என்று தோன்றினால், இந்தப் பகுதிக்கு எத்தனை முதியோர் கடிதம் எழுதுகிறார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தேர்வில் நன்றாகச் செய்த பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கித் தரலாம், கைக்கடிகாரம் வாங்கித் தரலாம். உயிரைப் பரிசாகக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஆசைப்படுவது இயல்பு. சரி என்று சொன்ன பெற்றோர்தான் அந்த உயிருக்குப் பொறுப்பு. பணிப்பெண்ணின் ஒப்பந்தம் பொதுவாக இரண்டு ஆண்டுகள். நன்றாக வளர்க்கப்படும் முயல் 8 முதல் 12 ஆண்டுகள் வாழும். அவர் ஊர் திரும்பிய மறுநாள் கூண்டைத் திறக்கப்போவது யார்?

மூக்கில் தட்டுவதை உங்கள் கணவர் இன்றோடு நிறுத்த வேண்டும். கை வந்தால் அடி விழும் என்று அது நினைத்திருந்ததை அவர் மெய்ப்பித்துக்கொண்டிருக்கிறார். அதற்குப் பதிலாகக் காலையில் கூண்டைக் கழுவும் வேலையை அவர் எடுத்துக்கொள்ளட்டும், முயல் வெளியே உலவும் நேரமாகப் பார்த்து. கூண்டை வரவேற்பறைக்குக் கொண்டு வாருங்கள். முயலுக்கு 20 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சிதான் இதம். நம் ஊரின் பகல் வெப்பம் 31, 32 டிகிரியைத் தொடும்போது, காற்றோட்டமில்லாத இடத்தில் சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் கிடக்கும் முயல் வெப்பத் தாக்கத்தால் செத்தே போகலாம்.

மகள் மாலையில் அரை மணி நேரம், கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, தரையில் உட்கார வேண்டும். கூண்டின் கதவைத் திறந்துவிட்டு, அது தானாக வரும்வரை பாடப்புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கலாம். உள்ளங்கையில் இரண்டு கொத்தமல்லித் தண்டு இருக்கட்டும். வந்து முகர்ந்தால் முகரட்டும். லேசாகக் கவ்வினால் வழிவிடு என்று கேட்கிறது, அவ்வளவுதான். வலிக்கும்படி கவ்வினால் ‘கீச்’ என்று குரல் கொடுத்தால் போதும். முயலும் வலித்தால் அப்படித்தான் கத்தும். பழகிய பிறகு நெற்றியைத் தடவலாம், தாடையைத் தொட வேண்டாம், தூக்கவே வேண்டாம். துணைப்பாட வகுப்புக்கு நேரம் கிடைக்கும் வீட்டில் இதற்கு நேரமில்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். ஒரு வகுப்பைக் குறையுங்கள்.

விரல் காயத்தைச் சோப்பு நீரில் கழுவியிருப்பீர்கள். இரணஜன்னித் தடுப்பூசி போட வேண்டுமா என்று மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பூங்கா என்ற பேச்சை மாமியாரிடம் மரியாதையாகவே முடித்துவிடுங்கள். பெரியவர்கள் சொல்லைத் தட்டக்கூடாது என்பவள்தான் நான், இதில் தட்டுங்கள். வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது விலங்குகள், பறவைகள் சட்டப்படி குற்றம்; முதல் முறையே 10,000 வெள்ளி வரை அபராதமோ 12 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். கூண்டில் பிறந்த முயலுக்கு வெளியே இரை தேடவும் தெரியாது, ஒளியவும் தெரியாது.

இந்த வாரமே முயல்களுக்குச் சிகிச்சை அளித்துப் பழகிய கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கொண்டு செல்லுங்கள். எவ்வளவு புல் தின்கிறது, புழுக்கை எந்த அளவில் இருக்கிறது, அரை நாளாவது தின்னாமல் இருந்தது உண்டா என்றெல்லாம் அவர் கேட்பார்; கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் முயலுக்கு அது அவசர நிலை. இவற்றுக்குப் பதில் சொல்ல உங்கள் குடும்பத்தில் யாராலும் முடியாது. ஆகவே அந்தப் பெண்மணியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள், அவருடைய ஓய்வு நாளில் மட்டும் வேண்டாம்.