களைக்கொல்லி அடித்த தோப்பில் மாட்டை எப்போது விடலாம்?

கேள்வி: உடுமலைப் பக்கம் ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். பார்த்தீனியமும் கோரையும் மண்டிவிட்டன. களை வெட்ட ஆள் கிடைப்பதில்லை. தோப்பிலேயே இரண்டு கறவை மாடு, நாலைந்து ஆடு, கோழிகள், ஒரு நாய் இருக்கின்றன. மருந்துக்கடைக்காரர் ஒரு களைக்கொல்லியைக் காட்டி, "அடிச்சா மூணு நாள்ல கருகிடும், ஒரு வாரம் கழிச்சு மாட்ட விடுங்க" என்கிறார். நம்பி அடிக்கலாமா?

பதில்: அந்த ஒரு வாரக் கணக்கு எங்கே எழுதியிருக்கிறது என்று கடைக்காரரிடமே கேளுங்கள். மருந்துக்கு மருந்து அது மாறும், லேபிளில்தான் இருக்கும். மூன்று நாளில் கருகும் என்றால் அவர் காட்டியது பெரும்பாலும் பாராகுவாட்டாக இருக்கும். கிளைபோசேட் அடித்தால் இலை மஞ்சளாகி வாடவே ஒரு வாரம், பத்து நாள் பிடிக்கும்.

பாராகுவாட்டுக்கு முறிவு மருந்து கிடையாது. கலக்காத மருந்தை நாய் கொஞ்சம் நக்கினாலே ஆபத்துதான். முதலில் வாந்தி, வாய்ப்புண். அப்புறம் தேறிவிட்டது போலத் தெரியும். சில நாளில் மூச்சு வாங்கும், நுரையீரல் கெட்டுப்போகும். கேரளம் 2011லேயே இதைத் தடை செய்துவிட்டது. கோபாலபுரம் சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் ஆகாத விஷம் இந்தப் பக்கம் மட்டும் எப்படி ஆகும் என்று எனக்கு விளங்கவில்லை. இதில் இன்னொரு கூத்து, கோரை இதற்குச் சாகாது. மேலே கருகும், கீழே கிழங்கு அப்படியே இருக்கும். நாலு தூறல் விழுந்தால் திரும்ப முளைக்கும், நீங்களும் திரும்பக் கடைக்குப் போவீர்கள்.

கிளைபோசேட் கிழங்கு வரை போகும். ஆனால் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் உரிமம் பெற்றவர்கள் மூலமாக மட்டுமே அதைத் தெளிக்க வேண்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. எந்தத் தோப்புக்கு அப்படி ஒருவர் ஸ்பிரேயரோடு வந்து இறங்கினார்? அறிவிக்கை கோப்பில் இருக்கிறது, கேன் கடையில் இருக்கிறது. லேபிளைப் படித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அந்த எழுத்தைப் படிக்க பூதக்கண்ணாடி வேண்டும்.

இனி மாட்டு விஷயம். நான் பார்த்த வரையில் மேய்ச்சலைவிட மிச்ச மருந்தும் காலி கேனும்தான் அதிகம் கெடுக்கின்றன. அடித்து முடித்த ஆள் ஸ்பிரேயரை எங்கே கழுவுகிறார் என்று நின்று பாருங்கள். தண்ணீர் இருக்கிற இடம் மாட்டுத் தொட்டிதான், அங்கேயே அலசி ஊற்றிவிடுவார். காலி கேனைப் பாதியாக அறுத்துக் கோழிக்குத் தண்ணீர் வைக்கிற வீடுகள் உண்டு. எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். ஓட்டை போட்டு, வேறு எதற்கும் உதவாதபடி செய்துவிடுங்கள். லேபிள் இல்லாத பாட்டிலில் ஊற்றித் தருவதையும், "நம்ம மிக்ஸிங் சார், ஸ்ட்ராங்கா இருக்கும்" என்று தருவதையும் தொடவே தொடாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் எந்த டாக்டரும் மாட்டைக் காப்பாற்ற முடியாது. பில் கேட்டு வாங்குங்கள். பில் தர மாட்டேன் என்றால் அடுத்த கடை.

"பார்த்தீனியத்தை மாடு எப்படியும் தின்னாதே" என்று நினைப்பீர்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பச்சையாக இருக்கும்போது கசப்பும் வாடையும் மாட்டை விலக்கிவைக்கும். மருந்து பட்டு வாடியதும் அந்த வாடை குறைந்துவிடும், பசித்த மாடு வாய் வைக்கும். 2,4-டி என்ற இன்னொரு களைக்கொல்லி அடித்த சில செடிகளில் இனிப்பே கூடும், சிலவற்றில் மாட்டுக்கு விஷமாகிற நைட்ரேட் சேரும். நேற்று வரை சீந்தாத செடியை இன்று ஆடு தேடிப்போய்த் தின்பது அந்த இனிப்பாலும் வாடை குறைவதாலும்தான். அதனால் மருந்து காய்ந்துவிட்டதா என்று மட்டும் பார்த்தால் போதாது. செடி முழுக்கச் சருகாகி மட்கும் வரை அந்தப் பக்கம் விடக்கூடாது. லேபிளில் குறைவாகப் போட்டிருந்தாலும் மூன்று வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோப்பை இரண்டாகத் தடுத்து, ஒரு பாதியில் அடித்து மறு பாதியில் கட்டலாம். மருந்து அடித்த பாதியிலிருந்து புல் அறுத்து வந்து போடுவதும் மேய்ச்சல் கணக்குதான். கோழியையும் நாயையும் தனியே அடைத்துவையுங்கள்.

மருந்தே வேண்டாம், உப்புக் கரைசல் போதும் என்று போனில் வீடியோ வரும். லிட்டருக்கு 200 கிராம் உப்பு, கொஞ்சம் சோப்புக் கரைசல் அடித்தால் பார்த்தீனியம் கருகும், அது உண்மைதான். ஆனால் அது ரோட்டோரத்துக்கும் தரிசுக்குமான வைத்தியம். தோப்பில் அடித்தால் மண் கெடும். உப்பென்றால் ஆடு மாடுகளுக்கு உயிர். அந்த இலையை நக்கி நக்கித் தின்னும், குடிக்கத் தண்ணீர் குறைவாக இருந்தால் உப்பே விஷமாகும்.

என்னைக் கேட்டால், மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, பூ எடுப்பதற்கு முன், கையுறை போட்டுப் பார்த்தீனியத்தை வேரோடு பிடுங்கிவிடுங்கள். பூத்துவிட்டால் விதை உங்களை விடாது. கோரைக்குக் கோடை உழவுதான் வழி, கிழங்கு வெயிலில் காயட்டும். தென்னை வேர் அறுபடாமல் மேலாக உழச் சொல்லுங்கள். மரத்தைச் சுற்றித் தேங்காய் மட்டையும் ஓலையும் மூடாக்குப் போடுங்கள். இடையில் வளர்வதை வெட்ட பிரஷ் கட்டர் வாடகைக்குக் கிடைக்கும்.

எல்லாம் மீறி மாடோ நாயோ மருந்தில் வாய் வைத்துவிட்டால், நல்லெண்ணெய், புளிக்கரைசல் என்று எதையும் வாயில் ஊற்றாதீர்கள். மாடு வாந்தி எடுக்காது, ஊற்றியது நுரையீரலுக்குப் போய்விடலாம். 1962க்குப் போன் செய்யுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும். டாக்டர் வந்ததும் முதலில் கேனைக் காட்டுங்கள். பூச்சி மருந்துக்குப் போடுகிற அட்ரோபின் ஊசி களைக்கொல்லிக்குக் கேட்காது. "ஏதோ மருந்து தின்னுடுச்சு" என்று மட்டும் சொன்னால் அந்த ஊசியில்தான் நேரம் போகும்.