ஊர் ஊராகப் போகும் ராக் குழு எதில் முதலில் காசைப் போட வேண்டும்?

கேள்வி இது: "சுற்றுப்பயணம் போகும் ராக் குழுக்களின் கிட்டார், பேஸ் கலைஞர்கள் என்னென்ன கொண்டுபோகிறார்கள்? புதிதாகக் குழு தொடங்கும் நாங்கள் முதலில் எதை வாங்குவது?"

நான் திருகோணமலையில் பேஸ் வாசிக்கிறேன். இரண்டு கிட்டார், ஒரு பேஸ், டிரம்ஸ் என்று நாலு பேர். மே முதல் செப்டம்பர் வரை உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்கள். மழைக்காலத்தில் மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், எப்போதாவது கொழும்பு. பதினொரு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இரண்டாவது கிட்டாருக்கென்று சேர்த்து வைத்திருக்கும் காசை முதலில் ஒரு டீஐ பெட்டிக்கும் (கிட்டாரை, பேஸை நேரே மிக்சரில் கொடுக்க உதவும் சின்னப் பெட்டி), நல்ல வயர்களுக்கும், கரண்ட் சாமான்களுக்கும் செலவழியுங்கள்.

பெரிய குழுக்களின் கதை வேறு. 1969இல் ரோலிங் ஸ்டோன்ஸ் அமெரிக்கச் சுற்றுப்பயணம் போனபோது அவர்களுக்காக அம்பெக் நிறுவனம் எஸ்விடி என்ற பேஸ் அம்பை, அதாவது சத்தத்தைப் பெருக்கும் கருவியை, கொடுத்தது. 300 வாட், உள்ளே பழைய ரேடியோவில் இருப்பது போன்ற கண்ணாடிக் குழாய்கள், 14 வால்வுகள். தலைப்பெட்டியை மட்டும் தூக்கவே இரண்டு பேர் வேண்டும், ஸ்பீக்கர் பெட்டி அதைவிடப் பாரம். குயின் குழுவின் பிரையன் மே தன் தகப்பனாரோடு சேர்ந்து வீட்டிலேயே செய்த கிட்டாரை வாசித்தார். பின்னால் வொக்ஸ் ஏசி30 அம்புகள் வரிசையாக நிற்கும். அது 30 வாட்தான். கிட்டாருக்கு 30 வாட் போதுமென்றால் பேஸுக்கு ஏன் 300? கிட்டாரின் தடித்த கம்பி நொடிக்கு 82 தடவை அதிரும், பேஸின் தடித்த கம்பி 41 தடவை. அவ்வளவு தாழ்ந்த ஒலியை நம் காது மந்தமாகத்தான் கேட்கும். அதைக் கேட்க வைக்க நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். டிரம்ஸ் அடிக்கும் மேடையில் 30 வாட் பேஸ் அம்ப் காணாமல் போய்விடும்.

எங்களிடம் லொறி இல்லை. ஒரு வான். டிரம்ஸ் ஏறியதும் அதில் பாதி இடம் போய்விடும். ஆகவே அம்ப் என்பது போகிற இடத்தில் இருப்பதுதான். ஒரு ஊரில் நல்ல அம்ப் இருக்கும், அடுத்த ஊரில் கீபோர்டுக்கு வைத்திருக்கும் பெட்டியைக் காட்டுவார்கள், சில இடங்களில் ஒன்றுமே இருக்காது. இரவுக்கு இரவு உங்கள் சத்தம் மாறிக்கொண்டே இருந்தால் கேட்கிறவர்களுக்கு உங்கள் குழுவின் சத்தம் எது என்று எப்படித் தெரியும்?

அங்கேதான் டீஐ பெட்டி வருகிறது. கம்பியின் அதிர்வைச் சிக்னலாக மாற்றும் பாகம்தான் பிக்கப். கிட்டார், பேஸ் பிக்கப்பிலிருந்து வரும் சிக்னல் பலவீனமானது. சாதாரண வயரில் ஆறு மீட்டர் வரை பிரச்சினை இல்லை. அதைத் தாண்டினால் மேல்ஒலி மங்கிக்கொண்டே போகும், சுற்றியுள்ள இரைச்சலையும் வயர் உள்ளே இழுக்கும். டீஐ பெட்டி அந்தச் சிக்னலை ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு பிரதிகளாக்கி இரண்டு கம்பிகளில் அனுப்பும். வழியில் ஏறும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறுவதால், மிக்சரில் ஒன்றை ஒன்று வெட்டிவிடும். மேடையிலிருந்து மிக்சர் ஐம்பது மீட்டர் தள்ளி இருந்தாலும் பயமில்லை.

பேஸ்காரர்களுக்கு இன்னும் நல்லது, ப்ரீஅம்ப்போடு (அம்பில் சத்தத்தின் குணத்தைச் சீர்செய்யும் முன்பகுதி) சேர்ந்து வரும் டீஐ. டெக் 21 நிறுவனத்தின் சான்சம்ப் பேஸ் டிரைவர் 1990களின் தொடக்கத்தில் வந்தது, இன்றும் மேடைகளில் காணலாம். அம்ப் இல்லாத மேடையிலும் அம்ப் இருப்பது போன்ற சத்தத்தை நேரே மிக்சருக்குக் கொடுக்கும். அந்த வகைப் பெட்டி ஒன்றை நான் செகண்ட் ஹாண்டில் வாங்கினேன். அதற்குப் பிறகு யார் அம்பைப் பற்றியும் கவலைப்பட்டதில்லை. கிட்டார்காரர்கள் இதே வேலைக்கு இப்போது ஸ்பீக்கர் சத்தத்தையும் சேர்த்துத் தரும் மல்டி எஃபெக்ட் பெட்டிகளை வைத்திருக்கிறார்கள். நல்ல வால்வு அம்ப் கிடைக்கும் இடத்தில் அதன் முன்னால் ஒரு எஸ்எம்57 மைக்கை வைத்தால் போதும். 1965இல் வந்த மைக், இன்னும் அதைத்தான் எல்லோரும் வைக்கிறார்கள்.

அடுத்தது கரண்ட். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் உயிர் இருக்கிறது.

எங்கள் ஊரில் பாதிச் சாமான் வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவருவது. லண்டனிலிருந்து வந்தால் சரி, அங்கேயும் 230 வோல்ட். கனடாவிலிருந்து வந்தால் 120 வோல்ட். என் சித்தப்பா ரொறொன்ரோவிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த, காலால் மிதித்துச் சத்தத்தை மாற்றும் ஒரு பெடல் செட்டின் அடாப்டரை அன்றிரவே செருகினேன். ஒரு சின்ன "டப்", ஒரு புகை நாற்றம், அவ்வளவுதான். பின்பக்கம் எழுதியிருப்பதை வாசித்திருந்தால் தப்பியிருக்கும். "100-240" என்று இருந்தால் இங்கே நேரே செருகலாம். "120" மட்டும் இருந்தால் ட்ரான்ஸ்ஃபோமர் இல்லாமல் கிட்டவே கொண்டுபோகக்கூடாது.

எர்த் பிரச்சினை அதைவிடப் பெரியது. கிட்டார், பேஸின் கம்பிகள், அவை அடியில் பூட்டியிருக்கும் பிரிட்ஜ் வழியாக அம்பின் எர்த்தோடு சேர்ந்திருக்கின்றன. அம்ப் ஒரு சொக்கெட்டிலும் மிக்சர் இன்னொரு சொக்கெட்டிலும் இருந்து, ஒன்றில் எர்த் விட்டுப்போயிருந்தால், கையில் கம்பியும் உதட்டில் மைக்கும் இருக்கிற பாடகருக்கூடாகக் கரண்ட் ஓடலாம். ஒரு திறந்தவெளி மேடையில், ஜெனரேட்டரில், எனக்கு அது நடந்தது. தொடங்கும் முன் கேட்டேன். "எர்த் எல்லாம் இருக்கு தம்பி, நீங்கள் வாசியுங்கோ" என்றார் சவுண்ட்கார அண்ணா. முதல் பாட்டில் பின்குரலுக்கு மைக்கிட்டப் போனதும் உதட்டில் அடித்த அடியில் பின்னால் போய் விழுந்தேன். பிறகு பார்த்தால் உருண்டைப் பின், சதுரப் பின் எல்லாவற்றையும் கோர்த்துச் செருகியிருந்த மல்டி பிளக்கில் எர்த்தே தொடர்பில்லாமல் கிடந்தது. எனக்கு அதிர்ஷ்டம். 1972இல் இங்கிலாந்துக்குப் பக்கத்தில் வேல்ஸ் நாட்டு ஸ்வான்சியில், ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி இதே மாதிரி எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்துபோனார்.

அன்றிலிருந்து என் பையில் ஒரு சின்ன மீட்டர் இருக்கிறது. ஏசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையை மைக்கின் வலையிலும் மற்ற முனையை பேஸ் கம்பியிலும் வைப்பேன். ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அதைச் சரிசெய்யும்வரை யாரும் கிட்டாரைத் தொடுவதில்லை. ட்ரிப் சுவிட்ச் பூட்டிய எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்றும் எங்களோடு வரும். ஜெனரேட்டர் என்றால் அதற்கு எர்த் கம்பி நிலத்தில் அடித்திருக்கிறார்களா என்று போய்ப் பார்ப்போம், அது இல்லாமல் ட்ரிப் சுவிட்சை மட்டும் நம்ப முடியாது. இரைச்சல் வருகிறதென்று பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். டீஐ பெட்டியில் கிரவுண்ட் லிஃப்ட் என்ற சுவிட்ச் அதற்காகத்தான் இருக்கிறது. அது சிக்னல் வயரின் எர்த்தை மட்டும் பிரிக்கும், உங்கள் பாதுகாப்பைத் தொடாது.

சரி, கருவிகளுக்கு வருவோம். என்னுடையது பிரிசிஷன் மாதிரியில் செய்த விலை குறைந்த பேஸ். ஃபெண்டர் 1951இல் பிரிசிஷனைக் கொண்டுவந்தது; 1957இல் அதன் பிக்கப்பை இரண்டு துண்டாக்கியது. இரண்டும் எதிரெதிராகச் சுற்றப்பட்டிருப்பதால் ரீங்காரம் ஒன்றை ஒன்று அழித்துவிடும். பட்டரியும் வேண்டாம். பட்டரி போடும் அக்டிவ் பேஸ் வாங்கினால் வாசித்து முடிந்ததும் ஜாக்கைக் கழற்ற மறக்காதீர்கள், செருகியிருக்கும்வரை பட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். கிட்டாரிலும் இதே கணக்குத்தான். ஒற்றைச் சுருள் பிக்கப் உள்ள ஸ்ட்ராட் (ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார்) அழகாகப் பேசும், ஆனால் மேடை விளக்குகளின் டிம்மருக்குப் பக்கத்தில் இரையத் தொடங்கிவிடும். எங்கள் லீட் கிட்டார்காரர் பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர், அதாவது ரீங்காரத்தை அழிக்கும் இரட்டைச் சுருள் பிக்கப், உள்ள ஸ்ட்ராட்டுக்கு மாறியது அதனால்தான்.

பெடல்களில் முதலாவது சுருதி பார்க்கும் ட்யூனர், அப்புறம் சத்தத்தை முரட்டுத்தனமாக்கும் ஒரு ஓவர்டிரைவ். மற்றவை காசு வரும்போது பார்க்கலாம்.

எங்கள் ஊருக்கே உரிய எதிரி கடல்காற்று. உப்புவெளி, பெயரிலேயே உப்பு இருக்கிறது. மணலில் போட்ட மேடையில் ஒரு இரவு வாசித்துவிட்டுத் துடைக்காமல் வைத்தால், மறுநாள் புதுக் கம்பியிலும் கை சொரசொரக்கும். நான் ஒவ்வொரு கம்பியையும் பழைய சாரத் துணியால் அடியிலிருந்து நுனிவரை துடைத்த பிறகுதான் உறையில் போடுவேன். உறைக்குள் சிலிக்கா பொட்டலங்கள். பூச்சுப் பூசிய கம்பி விலை கூட, ஆனால் கடலோரத்தில் அது பல மடங்கு நாள் தாங்குகிறது, கொடுத்த காசு வீண்போகாது. ஜாக், வொலியூம் குமிழ் கரகரத்தால் கொன்டாக்ட் கிளீனர் ஒரு அடி அடித்து நாலைந்து தரம் திருகினால் போதும்.

கச்சான் காற்று காய்ச்சும் மாதங்களுக்கும் கார்த்திகை மழைக்கும் நடுவில் கிட்டாரின் கழுத்து அசையும். அதற்குள் கழுத்து வளையாமல் தாங்கும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடை அலன் சாவியால் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருக வேண்டாம். திருகிவிட்டு ஒரு இரவு விட்டுப் பாருங்கள். ஏசி ஹோட்டல் அறையிலிருந்து நேரே வெக்கை மேடைக்கு வந்தால் கம்பி சூட்டில் தளர்ந்து சுருதி இறங்கும். அரை மணி முன்னதாகவே உறையோடு மேடைக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறோம்.

கொழும்பில் வாசித்தால் இரவோடு இரவாகத் திரும்புவதில்லை. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் யானை ரோட்டுக்கு வரும், விடிந்த பிறகே அந்தப் பக்கம் வருவோம். பகலில் மூடிய வானுக்குள் ஏறும் சூட்டில் ஒட்டின பசையே இளகும். அதனால் வழியில் சாப்பிட இறங்கினால் இரண்டு கிட்டாரும் பேஸும் எங்களோடு கடைக்குள் வந்து, மேசையோரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்.