மார்ச் 11: ஒரே இரவு, இரண்டு ஊர்கள்

அன்புள்ள ஐயா,

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குப் பள்ளியில் ஒரு புராஜெக்ட். ஏதாவது ஒரு தேதியை எடுத்துக்கொண்டு, அன்றைய உலகச் செய்திகளைத் தொகுத்து ஒட்டிக் கொண்டுபோக வேண்டும். கொரோனாவை உலகப் பெருந்தொற்று என்று அறிவித்த 2020 மார்ச் 11ஐ எடுத்திருக்கிறாள். "அன்னைக்கு நீங்க என்னப்பா பண்ணிட்டு இருந்தீங்க?" என்று கேட்டாள். மறுநாள் ரஜினி பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, முதல்வர் பதவியில் ஆசையில்லை என்று சொன்னதுதான் எனக்கு நினைவிருக்கிறது. டீக்கடையில் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். "அப்ப உங்களுக்கெல்லாம் எதுவுமே தெரியாதா?" என்று கேட்டுவிட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அன்றைய செய்தியிலேயே எல்லாம் இருந்ததா, நாங்கள்தான் பார்க்காமல் விட்டோமா?

பெயர் வேண்டாம்,
திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

செய்தியில் நிறையவே இருந்தது. ஆனால் அதைப் பார்க்காமல் விட்டதாக உங்களை நீங்களே குறை சொல்லிக்கொள்ள வேண்டாம். அன்று தமிழ்நாட்டில் தொற்று உறுதியானவர் ஒரே ஒருவர், ஓமனிலிருந்து காஞ்சிபுரம் திரும்பியவர். அவரும் தேறிவிட்டார் என்று முந்தின நாள்தான் செய்தி வந்திருந்தது. அதைப் படித்துவிட்டு டீக்கடைக்குப் போகிற மனிதர் ரஜினியைப் பற்றிப் பேசுவதில் என்ன தப்பு?

இன்னொன்று, அந்த நாள் நமக்கு ஒரே நாளாக வந்து சேரவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் டெட்ரோஸ் ஜெனீவாவில் அதை அறிவித்தபோது இங்கே இரவு பத்து மணி வாக்கில் இருக்கும். ஒரு சில வகைகளைத் தவிர எல்லா விசாக்களையும் இந்தியா நிறுத்திவைத்த செய்தியும் அந்த இரவில்தான். நாம் தூங்கி எழுந்தபோது அமெரிக்காவில் இன்னும் 11ஆம் தேதி இரவு. பிரிட்டன் நீங்கலாக ஐரோப்பாவிலிருந்து வரும் பயணங்களை 30 நாட்களுக்கு நிறுத்துவதாக டிரம்ப் தொலைக்காட்சியில் பேசினார். ஆஸ்திரேலியாவில் படப்பிடிப்புக்காகப் போயிருந்த நடிகர் டாம் ஹாங்க்ஸ், தனக்கும் மனைவிக்கும் கொரோனா என்று எழுதினார். ஒரு வீரருக்குத் தொற்று என்றதும் என்.பி.ஏ. கூடைப்பந்து சீசனே நின்றது. இத்தனையும் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள். அமெரிக்கர்கள் இன்றும் அந்த நாளை நினைவு வைத்திருப்பது அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான்.

உங்கள் மகளும் இவற்றைத்தான் வெட்டி ஒட்டுவாள் என்று நினைக்கிறேன். ஒட்டட்டும். ஆனால் நான் அவளைப் பார்க்கச் சொல்வது அதே இரவில் ஐரோப்பாவின் இரண்டு ஊர்களை.

முதல் ஊர் பிரிட்டனில் உள்ள லிவர்பூல். ஆன்ஃபீல்டு மைதானத்தில் அன்று சாம்பியன்ஸ் லீக் கால்பந்து ஆட்டம், எதிரணி ஸ்பெயினின் அட்லெடிகோ மாட்ரிட். உள்ளே 52,000க்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் சுமார் 3,000 பேர் ஸ்பெயினிலிருந்து வந்தவர்கள். மாட்ரிட்டில் அன்றுதான் பள்ளிக்கூடங்களை மூடியிருந்தார்கள். ஸ்பெயின் லீக் ஆட்டங்களைப் பார்வையாளர் இல்லாமல் நடத்துவது என்றும் முடிவாகியிருந்தது. அதாவது, சொந்த ஊரில் மைதானத்துக்குள் நுழைய முடியாத ரசிகர்கள் விமானம் ஏறி வந்து வேறொரு நாட்டு மைதானத்தில் தோளோடு தோள் உரச உட்கார்ந்தார்கள். ஆட்டம் தொடங்கும் முன், கையை நீட்டிய ரசிகர்களைப் பார்த்து, கையை எடுங்கள் என்று லிவர்பூல் பயிற்சியாளர் யூர்கன் க்ளாப் கத்திய காட்சி பதிவாகியிருக்கிறது. அந்த மனிதருக்குப் புரிந்திருக்கிறது. ஆனால் ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரம் அவரிடம் இல்லை. கூடுதல் நேரத்துக்கும் போய் 3-2 என்று அட்லெடிகோ ஜெயித்தது. அத்தனை பேரை அங்கே போகவிட்டது தவறுதான் என்று மாட்ரிட் மேயர் பிறகு ஒத்துக்கொண்டார்.

இரண்டாவது ஊர் கோபன்ஹேகன். அதே இரவு டென்மார்க் பிரதமர் மெட்டே ஃபிரெடரிக்சன் தொலைக்காட்சியில் வந்து பள்ளி, கல்லூரிகளை மூடுவதாக அறிவித்தார். அத்தியாவசிய வேலை இல்லாத அரசு ஊழியர்களை வீட்டிலேயே இருக்கச் சொன்னார். அந்த நேரத்தில் டென்மார்க்கில் கொரோனாவால் ஒருவர்கூட இறந்ததாகப் பதிவாகவில்லை.

அன்றைய கணக்கில் டென்மார்க்கில் தொற்று உறுதியானவர்கள் 514 பேர், பிரிட்டனில் 456 பேர். மக்கள்தொகையில் பிரிட்டன் பத்து மடங்குக்கு மேல் பெரியது என்பது வாஸ்தவம். அதனால் அங்கே நிதானமாக இருந்தார்கள் என்று சொல்லலாம். கூட்டங்களைத் தடை செய்வதால் பெரிய பயன் இருக்காது என்று அரசின் ஆலோசகர்கள் சொல்லிவந்ததும் உண்மை. ஆனாலும் அந்த நிதானத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 456 என்பது பரிசோதித்துக் கண்டுபிடித்தவர்களின் எண்ணிக்கை. நோயின் அளவு அதுவல்ல.

இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். தொற்றிய ஒருவருக்குக் காய்ச்சல் வர சராசரியாக ஐந்து நாள் ஆகும். அப்புறம் அவர் மருத்துவரிடம் போக வேண்டும், பரிசோதனை நடக்க வேண்டும், முடிவு வர வேண்டும். இறப்பதாக இருந்தால் மேலும் இரண்டு மூன்று வாரம் போகும். இத்தாலியில் மார்ச் 11 வரை 827 பேர் இறந்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிப்ரவரியிலேயே தொற்றுக்கு ஆளானவர்களாக இருந்திருப்பார்கள். அன்றைய தாளில் அச்சான எண் அன்றைய எண்ணே அல்ல. இது அப்போதே தெரிந்த கணக்கு. டென்மார்க் நடந்துகொண்டது அந்தக் கணக்குப்படி. இத்தனைக்கும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களையும் அவர்களோடு பழகியவர்களையும் மட்டும்தான் அன்று இந்தியாவில் பெரும்பாலும் பரிசோதித்தார்கள். அப்படியென்றால் நமக்குக் கிடைத்த எண்ணிக்கை என்னத்தைச் சொல்லியிருக்க முடியும்?

டெட்ரோஸின் அறிக்கையையும் உங்கள் மகள் முழுதாகப் படிக்கட்டும். 114 நாடுகளில் 1,18,000 பேருக்குத் தொற்று, 4,291 பேர் மரணம் என்ற வரிதான் எல்லாச் செய்திகளிலும் வந்தது. அதே அறிக்கையில், 81 நாடுகளில் ஒரு தொற்றுகூட இல்லை, 57 நாடுகளில் பத்தோ அதற்கும் குறைவோதான், எல்லா நாடுகளாலும் இதன் போக்கை இன்னும் மாற்ற முடியும் என்றும் சொன்னார். பயமுறுத்திய பகுதி பரவிய அளவுக்கு இந்தப் பகுதி பரவவில்லை. எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு.

"தெரியாதா?" என்ற அவளுடைய கேள்விக்கு வருகிறேன். மார்ச் 11 அறிவிப்பால் எந்த நாட்டுக்கும் சட்டப்படி புதிய கடமை எதுவும் வரவில்லை. சர்வதேச விதிகளின்படி ஒலிக்க வேண்டிய அபாய மணி ஜனவரி 30ஆம் தேதியே ஒலித்துவிட்டது. சர்வதேசப் பொதுச் சுகாதார அவசரநிலை என்று உலக சுகாதார நிறுவனம் அன்று அறிவித்தது. சீனாவுக்கு வெளியே அப்போது 98 பேருக்குத்தான் தொற்று, ஒரு மரணமும் இல்லை. வூஹானிலிருந்து கேரளாவுக்குத் திரும்பிய ஒரு மாணவிக்கு, இந்தியாவிலேயே முதலாவதாக, தொற்று உறுதியானதும் அதே நாள். உங்கள் மகள் யாரையாவது கேள்வி கேட்பதென்றால் அந்த ஆறு வாரங்களைப் பற்றிக் கேட்கட்டும். அதுவும் டீக்கடையில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் வேண்டாம். பரிசோதனைக் கருவிகளையும் படுக்கைகளையும் முகக்கவசங்களையும் அப்போதே சேர்த்துவைத்திருக்க வேண்டியவர்களிடம் கேட்கட்டும்.

தேதியை மாற்றச் சொல்லவில்லை, மார்ச் 11 நல்ல தேர்வுதான். லிவர்பூலையும் கோபன்ஹேகனையும் ஒரே பக்கத்தில் அருகருகே ஒட்டச் சொல்லுங்கள். ஜனவரி 30ஆம் தேதிச் செய்தி ஒன்று கிடைத்தால் அதை முதல் பக்கத்தில் வைக்கட்டும். முடித்ததும் எனக்கும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்.